சாமித்தட்டில் வைத்த ஐந்து பிராங்க் குற்றி

சுவிஸில், பாடன் நகரில் நான் வழக்கமாகப் போகும் வங்கிக் கிளையில் இனிமேல் காசு றோல் தரமாட்டார்களாம். கதவில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. சில்லறை வேண்டுமென்றால் சுவரில் இருக்கும் மெஷினிடம் போய்க் கேட்க வேண்டுமாம். நான் நின்று அதை வாசித்துக்கொண்டிருக்க, பின்னால் வந்த ஒருவர், "என்ன பரமண்ணை, உங்கட தொழிலுக்கு மூடுவிழாவோ?" என்று நக்கலடித்தார். நான் ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது. "கொஞ்சம் நிண்டு கேட்டியள் எண்டால் அது என்ன தொழிலெண்டு சொல்லுவன்" என்றேன். அவருக்கு நேரமில்லையாம். அதனால்தான் எழுதுகிறேன். வாசிக்கிறவர்களுக்காவது நேரம் இருக்கட்டும்.

அறுபதுகளின் கடைசிவரை சுவிஸின் அரை பிராங்க், ஒரு பிராங்க், இரண்டு பிராங்க், ஐந்து பிராங்க் நாணயக் குற்றிகள் வெள்ளியில் அடிக்கப்பட்டவை. பிறகு செம்பும் நிக்கலும் கலந்து அடிக்கத் தொடங்கினார்கள். வெள்ளிக் குற்றிகளை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் எல்லாமா திரும்பிப் போகும்? கிழவர் ஒருவர் செத்தால் பிள்ளைகள் அவருடைய மேசை லாச்சியைக் கவிழ்த்து, கிடந்த சில்லறையை அப்படியே வங்கியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதெல்லாம் புதுக் குற்றிகளோடு கலந்து, தாளில் சுற்றிய றோலாகி வெளியே வரும். அந்த றோல்களை வாங்கி, உடைத்து, வெள்ளியையும் அருமையான வருஷத்துக் குற்றிகளையும் பொறுக்கிவிட்டு, மிச்சத்தைத் திரும்பச் சுற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. ஹெர் வைபல் என்ற பழைய நாணய வியாபாரியிடம் சம்பளத்துக்குச் செய்தேன்.

அங்கே சேருமுன் இரண்டு வருஷம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வைபலிடம் முதல் ஆறு மாதத்தைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. விரல் கறுத்தது, கழுத்து நொந்தது, ஜெர்மன் கொஞ்சம் நாக்கில் ஏறியது.

வைபல் ஒல்லியான மனிதர். வருஷம் முழுக்க ஒரே மண்ணிற மேலங்கி. வாயில் இருந்து ஒரு நாளைக்குப் பத்து வசனம் வந்தால் அதிகம், அதில் எட்டு "மெதுவாக" என்பதாக இருக்கும். றோலை மேசை விளிம்பில் அடித்து உடைக்கக் கூடாது. தாளை நுனியில் இருந்து கிழிக்க வேண்டும். கிழிப்பதற்கு முன் கடிதம் நிறுக்கும் தராசில் வைக்க வேண்டும். வெள்ளிக்குப் பாரம் கூட, ஆகவே பாரமான றோலுக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பிறகு குற்றிகளை மரத்தாலான ஒரு நீளப் பள்ளத்தில் படுக்கவைத்து, விளக்கைச் சரித்து விளிம்புகளைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிற விளிம்புகளுக்கு நடுவில் வெள்ளி தனியாக வெளுத்துத் தெரியும். சந்தேகமென்றால் இரண்டு விரல் உயரத்தில் இருந்து மேசையில் போடு. புதுக் குற்றி "டொக்" என்று விழும். வெள்ளி நின்று பாடும். ஒரு வருஷத்தில் நான் பார்க்காமலே, அடுத்த அறையில் விழுந்த குற்றியையும் சொல்லப் பழகிவிட்டேன்.

வெள்ளி என்றவுடன் வாயைப் பிளக்காதீர்கள். அந்த நாளில் ஒரு பிராங்க் குற்றியிலுள்ள வெள்ளிக்கு ஒரு கோப்பியும் வராது. வருஷம்தான் விலை, அதைவிட விலை மேனி. யாருடைய விரலும் படாமல், அடித்த அன்றைய பளபளப்போடு இருக்கும் குற்றிக்கு ஜெர்மனில் தனிப்பெயரே உண்டு. அதனால் வைபலின் கடையில் இரண்டு கட்டளைகள்: குற்றியை விளிம்பில் மட்டும் பிடி, எதையும் மினுக்காதே.

இரண்டாவது கட்டளையை நான் சேர்ந்த மூன்றாம் மாதமே மீறினேன். கறுத்துப்போன ஒரு பழைய இரண்டு பிராங்க் கிடைத்தது. வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த பழப்புளியைப் போட்டு உரஞ்சி, கண்ணாடி மாதிரி ஆக்கி, பெருமையோடு அவர் முன்னால் வைத்தேன். அவர் கத்தவில்லை. பார்த்தார், பெருமூச்சு விட்டார், அதை என் மேசையின் மூலையிலேயே ஒரு வருஷம் வைத்துவிட்டார். உரஞ்சிய குற்றிக்கு உள்ள விலையும் போய்விடும் என்பதை அந்த மினுக்கம் ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லும். கத்தியிருந்தால் பரவாயில்லை.

இனிச் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

அப்போது எனக்கும் என் மனைவி பவானிக்கும் வருஷாவருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வதிவிட அனுமதிதான். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கடிதம் வரும்வரை மனுசி நித்திரை கொள்ள மாட்டாள். கைக்குழந்தை வேறு. நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், "இவர் நம்பிக்கையான ஆள், இவருக்கு என்னிடம் நிலையான வேலை உண்டு" என்று முதலாளி எழுதித் தர வேண்டும். வைபல் அந்தக் கடிதத்தை எழுதுவதாகத் தலையாட்டியிருந்தார். எங்கள் மூன்று பேருடைய தலையெழுத்தும் அந்த ஒரு தாளில் இருந்தது.

அந்த மாசியில்தான் நான் அந்தக் குற்றியைக் கண்டெடுத்தேன். தராசில் கொஞ்சம் பாரம் காட்டிய ஒரு ஐந்து பிராங்க் றோல். விளிம்பைப் பார்த்தபோது பதினொன்று வெள்ளி. அதில் ஒன்று 1952. குறைவாக அடிக்கப்பட்ட வருஷம். குற்றியில் அடித்திருக்கும் மேய்ப்பனின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்து, அது தொடாமலே நாற்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்திருக்க வேண்டும். வைபல் உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுதான் முதல் தடவை.

லாங்கன்தாலில் இருந்த ஒரு பல் வைத்தியர் அந்த வருஷக் குற்றியைத் தேடிக்கொண்டிருந்தார். ஏப்ரல் நடுவில் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அவரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. ஆனால் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வைபலுக்கு வலது கண்ணில் புரை எடுக்கும் சத்திரசிகிச்சை. இடது கண் முன்னமே மங்கல். வியாழக்கிழமை அவர் குற்றியைக் கண்ணாடித்தாளில் போட்டு, வெள்ளை உறையில் வைத்து என் கையில் தந்தார்.

"நீங்களே கொண்டுபோங்கள். மெதுவாக."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் லாச்சிகளுக்குப் பூட்டில்லை, பிள்ளை கையில் கிடைத்ததெல்லாம் வாயில் போடும் வயது. எங்கட ஆக்கள் அருமையான பொருளை எங்கே வைப்பார்கள்? பாஸ்போட், நகை, டொக்டரின் ரிப்போட் எல்லாம் எங்கே போகும்? நானும் அங்கேதான் வைத்தேன். சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்கு முன்னால். பவானி பின்னேர வேலைக்குப் போயிருந்தாள். வந்ததும் சொல்வோம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் புதுவருஷம். கைவிசேஷம் கொடுக்கும் நாள். வீட்டுத் தலைவன் நல்ல நேரம் பார்த்து, வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துத் தன் வீட்டாருக்கும் வந்தவர்களுக்கும் தன் கையால் கொடுப்பான். எங்கள் பேச்சில் கைவியளம். வாங்கியவர்கள் அந்தக் காசைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பார்கள். வருஷம் முழுக்கக் கையில் காசு புழங்கும் என்று நம்பிக்கை. அதற்காகப் பவானி ஒரு கிழமையாக, "இஞ்சாருங்கோ, கடையில இருந்து மினுக்கமான குற்றியாப் பாத்துக் கொண்டுவாங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் கொண்டுவந்தேன். அவை என் ஜாக்கெட் பொக்கெற்றுக்குள்ளேயே நித்திரை கொண்டன.

மடித்த வெற்றிலைகளைத் தட்டத்தில் அடுக்கி அவள்தான் தயார் செய்தாள். நான் வேட்டி கட்டிக்கொண்டு, பெரிய மனிதன் மாதிரி நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் உறையை எடுத்தேன். காற்றுப்போலக் கனமில்லாமல் இருந்தது.

"பவானி! இதுக்குள்ள இருந்த குற்றி எங்க?"

"அதைத்தானே நேற்றுக் குடுத்தனீங்கள்?"

"ஆர்? நானோ?"

"பின்னை ஆர்? சாமிக்கு முன்னால புதுக் குற்றி வச்சிருந்தியள். கைவியளத்துக்கு எண்டுதானே நான் நினைச்சன்? எவ்வளவு வடிவான குற்றி எண்டு சந்தோசப்பட்டனான்."

கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தில் வெள்ளியைச் சொல்லுகிற ஆள், தன் கையாலேயே அதைத் தூக்கி வெற்றிலையோடு கொடுத்திருக்கிறான்! நான் கத்தினேன். கத்தக் கூடாத சொல்லெல்லாம் கத்தினேன். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கடிதம் போனால் என்ன போகும் என்று அவளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் என் வாய் அடங்கியது. இன்றைக்கும் அந்தக் கத்தலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து பிராங்க் வைத்தது மூன்று வெற்றிலையில் மட்டும், மற்ற இரண்டும் தன் கைப்பையில் இருந்தவை, எது எதற்குள் போனதென்று நினைவில்லை என்றாள். மேல்மாடிச் செல்வம், அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா கமலா, பிறகு ஜெகன். மற்றவர்களுக்குச் சின்னக் குற்றி.

"சரி, போய்க் கேப்பம்."

"ஐயோ, குடுத்த கைவியளத்தைத் திருப்பிக் கேக்கிறதோ? அவையின்ர வருஷமும் போகும், எங்கட வருஷமும் போகும்."

"எங்கட வருஷம் போட்டுதப்பா!"

ஆனாலும் அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அந்தக் குற்றி யாரிடம் இருக்கிறதென்று தெரியாமல் மூன்று வீட்டுக் கைவியளத்தையும் கலைக்க முடியாது. முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மேல்மாடிக்குப் போனேன். உப்பு வேணும் என்று சாட்டு. செல்வத்தின் மனுசி குசினிக்குள் போக, நான் அவர்களுடைய சாமித்தட்டுக்கு முன்னால் போய்க் கும்பிட்டேன். குற்றி வெற்றிலையோடு அப்படியே இருந்தது. தேவாரம் முணுமுணுத்தபடி குனிந்து விளிம்பைப் பார்த்தேன். சாம்பல் நிறம். உப்பை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

கமலா அக்கா பக்கத்து ஊரான வெற்றிங்கனில். பவானி தொலைபேசி எடுத்தாள். கள்ளக் குற்றி ஏதும் கலந்துவிட்டதோ என்று எங்களுக்குச் சந்தேகமாம், ஒருக்கால் மேசையில் போட்டுச் சத்தத்தைக் காட்டுங்கோ என்றாள். மறுமுனையில் நெருப்பு. "எனக்கோ கள்ளக்காசு தந்தனீங்கள்? நல்ல நாளிலயோ?" பவானி கெஞ்சினாள். அரிசி வாளிக்குள் இருந்து எடுத்து அக்கா போட்டார். ரிசீவரை என் காதில் வைத்திருந்தேன்.

டொக்.

மிச்சம் ஜெகன். எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவன். பனிக்காலம் முடிந்து ஹோட்டல் பூட்டியதால் பாடனில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தான். நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதுகிறவன். சாமி கும்பிட்டு நான் கண்டதில்லை, வடைக்காகத்தான் எங்கள் வீட்டுக்கு வருவான். அவன் கைவியளத்தைப் பத்திரப்படுத்துவானா? ஓட்டமும் நடையுமாகப் போனேன். போகிற வழியெல்லாம் சிகரெட் மெஷின்கள்தான் என் கண்ணில் பட்டன.

அவன் கட்டிலில் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான்.

"அண்ணை, நானே உங்களிட்ட வரவெண்டு இருந்தன். ஒரு பிழை விட்டிட்டன்."

"சொல்லு."

"நேற்று உங்கட வீட்டால போகேக்க, ஸ்டேசனில அந்தக் கைவியளத்தை சிகரெட் மெஷினுக்குள்ள போட்டனான்."

"அட பாவி!"

"கேளுங்கோவன். மெஷின் எடுக்கேல்லை. வெளியில துப்பிப் போட்டுது. திருப்பிப் போட்டன், திருப்பித் துப்பினது. மூண்டாந்தரமும் துப்ப எனக்கு உடம்பெல்லாம் விறைச்சுப் போச்சு. கைவியளத்தைச் செலவழிக்காதையடா எண்டு ஆரோ கன்னத்தில அறைஞ்ச மாதிரி. அதுக்குப் பிறகு ஒரு சிகரெட்டும் பத்தேல்லை அண்ணை."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெள்ளிக்குப் பாரம் கூட. மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அவன் தலையணைக்குக் கீழிருந்து ஒரு கைலேஞ்சி முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினான். அதேதான். மேய்ப்பன் என்னைப் பார்த்தான்.

"ஜெகன், அதை எனக்குத் திருப்பித் தா. வேற குற்றி தாறன்."

அவன் உடனே கையை மூடிக்கொண்டான். "மாட்டன் அண்ணை. என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ. இதில தெய்வம் இருக்கு."

அப்போதுதான் கட்டிலில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். வைபலின் கண், பல் வைத்தியர், கடிதம், பவானி நிலத்தில் இருந்தது. கடிதம் என்ற சொல் வந்ததும் அவனுடைய கை விரிந்தது.

"பெர்மிட் அலுவலெண்டு முதலே சொல்லக் கூடாதே? நானும் அந்தப் பேப்பருக்குத்தானே அண்ணை காத்துக்கொண்டிருக்கிறன். பிடியுங்கோ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா தன்ர கையால வெத்திலை வச்சு எனக்கு வேற ஒண்டு தர வேணும்" என்றான். அன்று பின்னேரமே அவள் கொடுத்தாள், வடையும் கொடுத்தாள்.

விளிம்பில் பிடித்து வாங்கினேன். வெளிச்சத்தில் சரித்தேன். சந்தோஷம் அந்த இடத்திலேயே வடிந்தது. மேய்ப்பனின் கன்னத்தில், காதுக்குக் கீழே மயிர்போல ஒரு கீறல். விளிம்பில் ஒரு சின்ன நசிவு. மூன்று தரம் இரும்பு வயிற்றுக்குள் போய்வந்த குற்றி வேறு எப்படி இருக்கும்?

மத்தியானம் வைபலின் வீட்டுக்குப் போனேன். சாய்மனைக் கதிரையில் இருந்தார். வலது கண்ணில் கட்டு, இடது கண் பாதி மூடியிருந்தது. பொய் சொல்லத் தேவையே இல்லை, பேசாமல் இருந்தாலே போதும். அவருக்குத் தெரியாது. வைத்தியர் கண்டுபிடித்தாலும் அது எப்போது வந்த கீறல் என்று யார் சொல்ல முடியும்? வாசலில் நிற்கும்போது இதையெல்லாம் நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் அந்த மனிதரின் கட்டுப்போட்ட முகத்துக்கு முன்னால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. முழுவதையும் சொல்லிவிட்டேன், பிள்ளையாரில் இருந்து மெஷின் வரை.

அவர் மேலங்கிப் பையில் இருந்து உருப்பெருக்கியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"எனக்குக் கண் தெரியாது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்."

பார்த்தேன். கீறலின் நீளம், நசிவு எந்த எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எல்லாம் சொன்னேன்.

"மறுபடியும்."

மறுபடியும் சொன்னேன்.

"மெதுவாக."

மூன்றாம் தரம் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் தொலைபேசியைத் தடவி எடுத்து, லாங்கன்தாலுக்கு அழைத்து, குற்றி இப்போது முதல் தரம் இல்லை, அதற்கு அடுத்த தரம், விலையும் அதற்கேற்ப என்றார். வைத்தியர் என்ன சொன்னாரோ, "நான் பார்க்கவில்லை. என் ஆள் பார்த்தார்" என்று பதில் சொல்லி வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "புதுவருஷத்துக்கு எனக்கும் என் ஞானத்தந்தை ஒரு ஐந்து பிராங்க் தருவார். நான் அன்றைக்கே சொக்கலேட் வாங்கித் தின்றுவிடுவேன். எங்கள் ஊரில் அப்படியொரு மெஷின் இருந்திருந்தால் நான் இன்று பணக்காரன்" என்றார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான்கு மணிக்கு லாங்கன்தாலில் இருந்தேன். வைத்தியர் குற்றியை வாங்கிக்கொண்டார்.

ஆனால் கடிதத்தைப் பற்றி வைபல் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? மூன்று கிழமைக்குப் பிறகு கட்டெல்லாம் அவிழ்த்து, புதுக் கண்ணாடியோடு வந்தவர், ஒட்டிய உறை ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அலுவலகத்தில்தான் திறக்க வேண்டுமாம். பவானி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை அதைச் சாமித்தட்டில் வைக்க இரண்டு பேருக்குமே துணிவு வரவில்லை.

ஆரா நகரில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இலக்கம் எடுத்துக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நரைத்த தலைமயிரை உயர்த்திக் கட்டிய ஒரு பெண். என் கோப்பு தலைநகர் பேர்னுக்குப் போக வேண்டுமென்றால் அவளுடைய முத்திரை விழ வேண்டும். விழாவிட்டால் கோப்பு அங்கேயே கிடக்கும். உறையைக் கிழித்தாள், வாசித்தாள், நிறுத்தினாள், திரும்ப வாசித்தாள்.

"இங்கே ஒரு வசனம் எழுதியிருக்கிறார்," என்று விரலை வைத்து வாசித்தாள். "'எனக்குக் கண் தெரியாத நாளில் இவர் எனக்கு உண்மையைச் சொன்னார்.' என்ன உண்மை?"

பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், இலக்கணத்தைக் கொலை செய்து, வெற்றிலை, பிள்ளையார், அரிசி வாளி, மெஷின் எல்லாவற்றையும் கைகளாலும் சேர்த்துச் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடித்தேன். அவள் குனிந்து தன் கைப்பையை எடுத்தாள். அதற்குள் இருந்து இரண்டு ஐந்து பிராங்க் குற்றிகளையும் ஒரு பிடி சில்லறையையும் எடுத்து, கண்ணாடிக்குக் கீழால் என் பக்கம் தள்ளினாள்.

"பாருங்கள்."

ஒவ்வொன்றாக விளிம்பில் பிடித்து, இரண்டு விரல் உயரத்தில் இருந்து அந்த மேசையில் போட்டேன். டொக். டொக். டொக். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன செய்ய? உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

"இல்லை அம்மா. எல்லாம் சாதாரணக் குற்றி."

"பாவம் நான்," என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினாள். காசை அள்ளிக் கைப்பைக்குள் போட்டாள். முத்திரையை மையில் ஒற்றி என் கோப்பில் ஓங்கிக் குத்தினாள்.

எனக்கு ஜெர்மன் முழுக்க மறந்துபோயிற்று. "முடிஞ்சுதோ?" என்று தமிழிலேயே கேட்டேன். அவள் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள்.